சதுப்பும் காடும் காக்கும் கோல்ஃப் திடலில் முதல் ஆட்டம்: கோலாலம்பூர் புதியவர்களுக்கு

கோலாலம்பூரில் கோல்ஃப் ஆடத் தொடங்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஆறு மாதம் டிரைவிங் ரேஞ்சில் அடித்துப் பழகுவார்கள். அப்புறம் நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று நேரே ஏதாவது ஒரு திடலுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். போன இடம், குளத்தையும் சதுப்பையும் காட்டோரத்தையும் தொடாமல் விட்டு நடுவில் மட்டும் புல் வெட்டிய திடல். பதினான்கு பந்து தொலைந்தது. கவுண்டரில் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைப் பார்த்துக் கணக்கில் விட்டுக்கொடுக்கும் அடிகளின் எண்) கேட்டு அரை மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். விதி தெரியாமல் வாங்கிய தண்டனை அடிகள் வேறு. பின்னால் வந்த குழு எங்களுக்காக மூன்று இடத்தில் காத்து நின்றது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த ஒரு காலையில் தெரியாமல் போனதை எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

1. போகும் திடல் எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள்

சுற்றுச்சூழலைப் பார்த்து வடிவமைத்த திடலில் வெட்டிய புல் குறைவாகத்தான் இருக்கும். குளத்து ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் நாணலையும் வளரவிடுவார்கள். மழையில் அடித்துவரும் உரமும் மருந்தும் நேரே தண்ணீரில் கலக்காமல் அந்தப் பட்டை பிடித்துக்கொள்ளும். மரங்களை வெட்டாமல் ஃபேர்வேயை, அதாவது புல் வெட்டிய ஆட்டப் பாதையை, வளைத்துக்கொண்டு போவார்கள். உரம் அதிகம் கேட்காத கவ் கிராஸை ஃபேர்வேயில் விடும் இடங்களும் உண்டு. உப்புத் தண்ணீர் பட்டாலும் தாங்கும் சீஷோர் பாஸ்பாலம் புல் போடும் இடங்களும் உண்டு.

ஆடுகிறவருக்கு இதனால் என்ன வருகிறது? ஃபேர்வே குறுகல். தண்ணீரையோ சதுப்பையோ தாண்டியே ஆக வேண்டிய அடிகள் அதிகம். பந்து ஓரத்துக்குப் போனால் இடுப்பளவு புல், பெரும்பாலும் லாலாங். மழைக்குப் பிறகு கவ் கிராஸில் பந்து புல்லுக்குள் அமுங்கி உட்காரும், கீழே விழுந்து உருளவே உருளாது.

பங்கர் (மணல் பள்ளம்) இல்லாத திடல் என்றதும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். லங்காவியில் மச்சின்சாங் மலைக்கும் கடலுக்கும் நடுவே மழைக்காட்டுக்குள் இருக்கும் எல்ஸ் கிளப் தெலுக் டத்தாயில் ஒரு பங்கர்கூட இல்லை. அங்கே பெய்யும் மழைக்கு மணல் நிற்காது. ஆனால் காடு ஃபேர்வே ஓரம் வரை நிற்கிறது, கோணல் அடிக்கு மன்னிப்பே கிடையாது.

பதிவு செய்வதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஸ்கோர் கார்டின் படம், முன்பக்கமும் பின்பக்கமும். பின்பக்கத்தில்தான் உள்ளூர் விதிகள் இருக்கும். இரண்டு, நீங்கள் ஆடப்போகும் டீயின் (முதல் அடி அடிக்கும் இடத்தின்) ஸ்லோப் ரேட்டிங், அதாவது கைதேர்ந்தவரை விடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்ற அளவு. 55-இலிருந்து 155 வரை போகும் எண் அது, 113 நடுத்தரம். 130-க்கு மேல் என்றால் முதல் ஆட்டத்துக்கு அந்த டீ வேண்டாம்.

2. ஹேண்டிகேப்பை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்

நான் அரை மணி நேரம் நின்றது இதனால்தான். வெளியாட்களிடம் ஹேண்டிகேப் அத்தாட்சி கேட்கும் திடல்கள் இங்கே நிறைய. ஆண்களுக்கு 24, பெண்களுக்கு 36 என்று உச்ச வரம்பு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. சனி, ஞாயிறு என்றால் கெடுபிடி கூடும். நண்பர் உறுப்பினராக இருந்தால் போதும் என்று கிளம்பாதீர்கள், தொலைபேசியில் கேட்டு, பேசியவர் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை. ஆணோ பெண்ணோ, அதிகபட்சம் 54.0. முதல் ஹேண்டிகேப் வாங்க 54 குழிகளுக்கான ஸ்கோர் வேண்டும். அதாவது 18 குழி ஆட்டம் மூன்று, அல்லது 9 குழி ஆட்டங்களைச் சேர்த்து அந்தக் கணக்கு. கூட ஆடிய ஒருவர் ஒவ்வொரு ஸ்கோரையும் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஹேண்டிகேப் வரும் வரை எந்தக் குழியிலும் பாரை (அந்தக் குழிக்கு வைத்திருக்கும் அடிக் கணக்கை) விட 5-க்கு மேல் எழுத வேண்டியதில்லை. பார் 4-இல் பதினொன்று அடித்தாலும் கணக்குக்கு ஒன்பதுதான்.

மலேசிய கோல்ஃப் சங்கத்தோடு இணைந்த ஒரு கிளப் வழியாகத்தான் ஹேண்டிகேப் கிடைக்கும். முழு உறுப்பினர் கட்டணம் பெரிய தொகை, புதியவருக்கு அது தேவையும் இல்லை. ஹேண்டிகேப் மட்டும் எடுக்க வழி இருக்கிறதா, வருடத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று ஆட்டத்தையும் மேடு பள்ளம், தண்ணீர் குறைவான ஒரு திடலில் வார நாளில் முடியுங்கள். வாரம் ஒன்று என்று வைத்தால் ஒரு மாதத்தில் கையில் வந்துவிடும்.

வந்த எண்ணை அப்படியே எல்லாத் திடலுக்கும் எடுத்துப் போகவும் கூடாது. அதை அந்தத் திடலின் ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுக்க வேண்டும். கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (கைதேர்ந்தவருக்கு அந்தத் திடலில் ஆகும் அடிக் கணக்கு) பாருக்கும் உள்ள வித்தியாசத்தை அதோடு சேர்க்க வேண்டும். உங்கள் எண் 30, ஸ்லோப் 135 என்றால் முதல் கணக்கிலேயே 36 அடி வந்துவிடுகிறது. கூடுதல் ஆறு அடி உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள்.

3. பதிவும் பணமும்

கொண்டு போக வேண்டியவை: மைகார்டு (அடையாள அட்டை), ஹேண்டிகேப் அட்டை அல்லது கைப்பேசியில் அதன் படம், பதிவு உறுதியான குறுஞ்செய்தி. காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் இல்லாத கால்சட்டை, மென்முள் காலணி. இதில் ஒன்று குறைந்தாலும் கவுண்டரில் சிக்கல்தான்.

விலை திடலுக்குத் திடல், நேரத்துக்கு நேரம் மாறும். நான் கட்டியதைச் சொல்கிறேன்: வார நாள் காலையில் பக்கியில் (திடலுக்குள் ஓட்டும் சிறு வண்டியில்) பாதிப் பங்கோடு 180 ரிங்கிட், அதே இடத்தில் சனிக்கிழமை 280. கேடி (பை தூக்கி வழிகாட்டும் உதவியாளர்) வைத்தால் தனி, கேடிக்குக் கையில் கொடுப்பதும் தனி. கோல்ஃபுக்கு 8 விழுக்காடு சேவை வரி உண்டு. விளம்பரத்தில் போடும் விலையில் வரியும் பக்கியும் காப்புறுதியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு 150 என்று சொன்னது கவுண்டரில் 203 ஆனது, வாக்குவாதம் செய்ய நேரமில்லை, டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், பத்து நிமிடத்தில் இருந்தது.

இந்த மாதிரித் திடலில் பந்துக்கும் பட்ஜெட் போடுங்கள். நான் தொலைத்த பதினான்கும் பழைய பந்து, ஒன்று 3 ரிங்கிட், ஆக 42 ரிங்கிட் தண்ணீரில். புதுப்பந்து வாங்கிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போக வேண்டாம்.

4. உங்கள் பந்து காற்றில் எவ்வளவு தூரம் போகிறது?

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம் என்பேன். குளத்தைத் தாண்டும் அடிக்கு, பந்து உருண்டு நிற்கும் தூரத்தால் எந்தப் பயனும் இல்லை. காற்றில் பறந்து விழும் தூரம்தான் கணக்கு. ரேஞ்சில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மொத்த தூரம், அதுவும் தேய்ந்துபோன ரேஞ்ச் பந்தில். நம் ஊர் ஈர ஃபேர்வேயில் உருளவும் உருளாது.

ஒரு காலை ஒதுக்குங்கள். 7 அயர்ன், 5 ஹைப்ரிட், டிரைவர் என்ற மூன்று கிளப்பிலும் (அடிக்கும் கோலிலும்) இருபது இருபது பந்து அடித்து, பந்து விழும் இடத்தை மட்டும் பார்த்து எழுதுங்கள். சிறந்த அடியை விட்டுவிடுங்கள். இருபதில் பதினைந்து பந்து எதைத் தாண்டியதோ அதுதான் உங்கள் தூரம். என் 7 அயர்ன் 140 என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், எழுதிப் பார்த்தால் 118.

இன்னொரு பொறி: ரேஞ்சில் யார்டு எழுதியிருக்கும், திடலில் மீட்டர் இருக்கும். 150 மீட்டர் என்றால் 164 யார்டு. இந்தப் பதினான்குக்குள்தான் குளம் இருக்கிறது. அட்டையில் எந்த அளவு என்று முதல் டீயிலேயே கேடியிடம் கேட்டுவிடுங்கள்.

5. கம்புகளின் நிறம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நான் அதிகம் இழந்தது இதில்தான்.

வெள்ளைக் கம்பு எல்லை. அதைத் தாண்டினால் ஒரு தண்டனை அடி, அதோடு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இரண்டு தண்டனை அடி வாங்கிக்கொண்டு பந்து போன இடத்துக்கு நேராக ஃபேர்வேயில் போட்டு ஆடலாம் என்று உள்ளூர் விதி வைத்திருக்கும் திடல்களும் உண்டு. கார்டின் பின்பக்கத்தில் அதைத் தேடுங்கள், நேரம் மிச்சம்.

சிவப்புக் கம்பு தண்டனைப் பகுதி. உள்ளே பந்து கிடந்து, அடிக்க முடிந்தால் அப்படியே அடிக்கலாம், தண்டனை இல்லை. முடியாவிட்டால் ஒரு தண்டனை அடி வாங்கி, பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். கிளப் நீளம் என்பது உங்கள் பையில் பட்டரை (குழிக்கு அருகே பந்தை உருட்டும் கோலை)த் தவிர மிக நீளமான கிளப். டீயிலிருந்து அடித்தது உள்ளே போனால், அடுத்து அடிப்பது மூன்றாவது அடி.

சிவப்புக் கம்பின் தலை மட்டும் பச்சையாக இருந்தால் கதை வேறு. அது ஆடக்கூடாத பகுதி, காக்கப்படும் இடம். பந்து கண்ணுக்கு எதிரே நல்ல புல்லில் உட்கார்ந்திருந்தாலும் அங்கிருந்து அடிக்க முடியாது, தண்டனை அடி வாங்கி வெளியே வந்தே ஆக வேண்டும். மீறி அடித்தால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடியை எண்ணும் ஆட்டம்) இரண்டு தண்டனை அடி, மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் ஆட்டம்) அந்தக் குழியே போச்சு. பந்து வெளியே கிடந்து, நீங்கள் நிற்கும் காலோ வீச்சோ பச்சைத் தலைக் கம்புக்குள் போகிறது என்றாலும் அடிக்கக் கூடாது. ஆனால் அப்போது தண்டனை இல்லாமல் தள்ளிவைத்துக்கொள்ளலாம். இதைத் தெரியாமல் தண்டனை அடி எழுதிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். நீலக் கம்பில் பச்சைத் தலை இருந்தால் பந்து உள்ளேயே கிடந்தாலும் இலவசமாக வெளியே எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டும்.

ஆடக் கூடாது என்பது விதி. உள்ளே நடக்கவே கூடாது என்றும் பல திடல்கள் சேர்த்துவைத்திருக்கும். என் முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது குழியில் பந்து கம்பிலிருந்து இரண்டு அடி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. எடுத்துவிடலாம் என்று காலை வைக்கப் போனேன். எங்கள் கேடி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையை நீட்டித் தடுத்தார். "தம்பி, உள்ள போகாதீங்க. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க." நாணல் தண்டுக்கு நடுவே வெண்மார்புக் கானாங்கோழி ஒன்று, மலாய்க்காரர்கள் ருவாக் ருவாக் என்பார்களே அது, வாலை வெட்டி வெட்டி ஆட்டியபடி நின்றது. அதன் காலடியில் கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி நான்கு குஞ்சுகள். என் பந்து அவற்றிலிருந்து ஒரு கை தூரம். சிலாங்கூரில் பல திடல்கள் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாகவும் செம்பனைத் தோட்டமாகவும் இருந்தவை, என் பாட்டி பால்மரம் சீவிய மண் அது. அந்த மண்ணில் இப்போது ஒரு மூலையையாவது பறவைக்கு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது பந்து எனக்குப் பெரிதாகப் படவில்லை. நீங்களும் விட்டுவிடுங்கள், கம்பி வைத்து இழுக்கவும் வேண்டாம்.

தற்காலிகப் பந்து, அதாவது முதல் பந்து கிடைக்காமல் போகலாம் என்று முன்னெச்சரிக்கையாக அடிக்கும் இன்னொரு பந்து, பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பந்து தண்டனைப் பகுதிக்கு வெளியே தொலைந்திருக்கலாம், அல்லது எல்லை தாண்டியிருக்கலாம் என்றால்தான் தற்காலிகப் பந்து அடிக்க முடியும். ஒரு பார் 3-இல் என் பந்து குளத்தில் விழுந்த சத்தம் நான்கு பேருக்கும் கேட்டது. நான் 'புரோவிஷனல்' என்று சொல்லி இன்னொன்றை அடித்தேன். தண்ணீரில்தான் போனது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், இரண்டாவது அடித்ததே ஆட்டப் பந்து ஆகிவிட்டது, மூன்றாவது அடியாக. குளத்தோரம் பக்கவாட்டில் போட்டு ஆடும் வழி அதோடு அடைபட்டது. தண்ணீரில் விழுந்தது தெரிந்தால் வாயைத் திறக்காமல் முன்னே நடங்கள்.

தேடுவதற்கு 3 நிமிடம்தான், 2019-க்கு முன் இருந்த ஐந்து நிமிடம் இப்போது இல்லை. லாலாங் புல்லில் தேடும்போது கிளப்பால் முன்னே தட்டிக்கொண்டு போங்கள், பாம்பு இருக்கும். பந்துக்குப் பக்கத்தில் நாகமோ குளவிக்கூடோ இருந்தால் தண்டனை இல்லாமல் தள்ளி ஆட விதி இடம் தருகிறது. முள்செடிக்கு அந்தச் சலுகை கிடையாது. உடும்பு வந்தால் வழிவிட்டு நில்லுங்கள், அது தானாகப் போய்விடும்.

6. எந்த டீ, எந்த அடி

முன் டீயில் ஆடுங்கள். கூட வந்தவர்கள் பின் டீக்குப் போனாலும் நீங்கள் போக வேண்டாம், முன் டீயில் குளம் தாண்டும் தூரம் பாதியாகக்கூடக் குறையும். அப்புறம் ஒவ்வொரு டீயிலும் ஒரே கேள்வி: இருபதில் பதினைந்து தடவை என்னால் இதைத் தாண்ட முடியுமா? முடியாது என்றால் குளத்துக்கு முன்னால் நிறுத்தி, அடுத்த அடியில் தாண்டுங்கள். ஒரு அடி கூடும், ஆனால் தண்டனையும் இல்லை, பந்தும் கையில் இருக்கும்.

ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில், அதாவது குழிக்குக் குழி புள்ளி சேர்க்கும் முறையில், ஆடக் கேளுங்கள். ஒரு குழி கெட்டுப்போனால் பந்தைத் தூக்கிக்கொண்டு அடுத்ததுக்குப் போகலாம், பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதில்லை.

மருந்தும் வெட்டும் குறைத்துப் பராமரிக்கும் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில்) பந்து மெதுவாக ஓடும். பட்டிங் பழகும் இடத்தில் பத்து நிமிடம் உருட்டிப் பார்க்காமல் முதல் டீக்குப் போகாதீர்கள்.

7. மழை, இடி, பக்கி

இங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். 7.30 முதல் 8 மணிக்குள் டீ டைம் பிடித்தால் பன்னிரண்டரைக்குள் முடித்துவிடலாம். மதிய டீ டைம் மலிவு, ஆனால் இடி மழை பெரும்பாலும் மாலையில்தான் இறங்கும், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் அதிகம். மழையால் நின்றுபோன ஆட்டத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவார்களா, எத்தனை குழிக்குள் நின்றால் தருவார்கள் என்று பதிவின்போதே கேளுங்கள்.

சைரன் நீளமாக ஒரு தடவை ஒலித்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், பாதி வீச்சில் இருந்தாலும். மரத்தடிக்கு ஓடாதீர்கள், இடிதாங்கி வைத்த குடிலுக்குப் போங்கள். குட்டையாக இரண்டு தடவை ஒலித்தால் திரும்ப ஆடலாம்.

மழைக்கு மறுநாள் பக்கி பாதையை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். சில திடல்களில் எந்த நாளிலும் அப்படித்தான், மண் இறுகிவிடும் என்று. பாதையிலிருந்து பந்துக்கு நடக்கும்போது மூன்று கிளப்பும் இரண்டு பந்தும் கையில் எடுத்துப் போங்கள். ஒரு கிளப்போடு போய், அது பொருந்தாமல் திரும்ப வந்தால் குழிக்கு ஐந்து நிமிடம் வீண். மொத்த நேரத்தில் அரை மணியாவது கூடும் என்று வீட்டில் சொல்லிவைத்துக் கிளம்புங்கள்.

8. ஆட்டம் முடிந்த பிறகு

ஸ்கோரை அன்றே, நள்ளிரவுக்குள், பதிவு செய்துவிடுங்கள். அட்டையின் ஓரத்தில் இரண்டு எண் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு: தொலைந்த பந்து எத்தனை, குளத்தைத் தாண்ட முயன்று விழுந்தது எத்தனை. பதினான்கு, ஒன்பது என்று ஆரம்பித்தது அந்தக் கணக்கு. போன மாதம் அதே திடலில் மூன்று, ஒன்று. ஒன்பதாவது குழியில் அந்த நாணலுக்கு முன்னால் நிறுத்தித்தான் ஆடினேன்.